அண்ணன் அனுப்பிய பட்டைப்பொடி

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம். அண்ணன் கென்யாவில், நைரோபியில், ஒரு ஹார்டுவேர் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அப்பாவுக்கு 67 வயது. இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி டாம்சுலோசின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. சர்க்கரை இல்லை. போன மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணன் 'முய்ரி' என்ற மரத்தின் பட்டைப்பொடி அரைக் கிலோ கொடுத்து அனுப்பினார். அங்கே கிக்குயு மக்களுக்கு நன்றாகத் தெரிந்த மரமாம். ஐரோப்பாவில் இதிலிருந்துதான் புராஸ்டேட் மாத்திரை செய்கிறார்களாம். அப்பா தினமும் பாலில் ஒரு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறார். கசக்கிறது, ஆனால் பாதாம் மாதிரி ஒரு வாசனை வருகிறது. 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடலாமா' என்று கேட்கிறார். அண்ணனோ, ஆப்பிரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத மருந்து மரங்கள் ஏராளம், இறக்குமதி செய்து விற்றால் உனக்கும் ஒரு தொழில் ஆகும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பா விஷயம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது பொடியைத்தான், அதுவும் இன்று இரவிலிருந்தே. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன். முப்பது வருடம் மருந்தியல் கல்லூரியில் மூலிகைப் பாடம் நடத்தியவன் நான். மூலிகை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை என்பதை மட்டும் நம்புங்கள்.

அண்ணன் சொன்னது கட்டுக்கதை இல்லை. முய்ரி என்று கிக்குயு மக்கள் சொல்லும் அந்த மரத்துக்குத் தாவரவியல் பெயர் புரூனஸ் ஆப்பிரிக்கானா. மருந்துக்கடைக்காரர்கள் அதன் பழைய பெயரை வைத்துப் பைஜியம் என்பார்கள். கேமரூன் மலையிலிருந்து கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா வரை மலைக்காடுகளில் வளர்கிற பெரிய மரம். சிறுநீர்க் கோளாறுக்கு அதன் பட்டையைப் பொடித்துத் தேநீர் போலக் குடிக்கிற வழக்கம் ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இருந்தது. அதைக் கேள்விப்பட்டு, பட்டையின் சாறுக்கு 1966-ல் காப்புரிமை வாங்கியவர் ஷாக் டெபா என்ற பிரெஞ்சுக்காரர். அதன்பின் பிரான்சில் 'டாடெனான்' என்ற பெயரில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது.

வேலை செய்கிறதா என்றால், ஓரளவு செய்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2002-ல் 18 ஆய்வுகளை, மொத்தம் 1,562 ஆண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. இரவில் எழுந்திருப்பது சுமார் 19 சதவீதம் குறைந்தது. சிறுநீர் வரும் வேகம் 23 சதவீதம் கூடியது. பெரிய பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை, சிலருக்கு வயிற்றுக் கோளாறு மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் மிக நீண்டதே 122 நாள்தான். அப்பாவுக்கு இருக்கிற தொந்தரவு நாலு மாதத்தோடு போகிற தொந்தரவு இல்லை. இன்னொன்று, 19 சதவீதம் என்றால் ஐந்து தடவை எழுந்திருப்பவர் நாலு தடவை எழுந்திருப்பார், அவ்வளவே.

சரி, அந்த ஒரு தடவையாவது மிச்சமாகட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஆய்வுகளில் யாரும் பட்டைப்பொடியைப் பாலில் கலந்து கொடுக்கவில்லை. கொடுத்தது, கரைப்பான் ஊற்றிப் பட்டையில் இருக்கும் கொழுப்பில் கரைகிற பொருள்களை மட்டும் இழுத்தெடுத்த சத்து. வழக்கமான அளவு நாள் ஒன்றுக்கு 100 மில்லிகிராம். சுமார் 1,000 கிலோ காய்ந்த பட்டையிலிருந்து 5 கிலோ சத்துதான் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிகிராமுக்கு 20 கிராம் பட்டை. அப்பா போடுவது ஒரு ஸ்பூன், மூன்று கிராம் இருக்குமா? அந்த மூன்று கிராமிலும் கொழுப்பில் கரைகிறது எவ்வளவு பாலில் இறங்குகிறது, எவ்வளவு சக்கையோடு போகிறது என்று யார் சொல்ல முடியும்? ஆக, மருந்து என்று பார்த்தால் அப்பாவுக்குப் போவது மிகக் குறைவு. வேண்டாதது என்று பார்த்தால் அது வேறு கணக்கு.

அந்தப் பாதாம் வாசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பாதாம், பிளம்ஸ், செர்ரி, இந்த மரம், எல்லாம் ஒரே பேரினம். கசப்பு பாதாமில் இருக்கும் அமிக்டலின் இந்த மரத்திலும் உண்டு. ஈரம் பட்டால் அது உடைந்து இரண்டு பொருள்களைத் தரும். ஒன்று பாதாம் வாசனை தருவது, மற்றொன்று ஹைட்ரஜன் சயனைடு. நம் ஊரில் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை ஏன் கொட்டச் சொல்கிறார்கள்? அதே சயனைடுக்காகத்தான். பயந்துவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் காய்ந்த பொடியால் அப்பாவுக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆகியிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்காத பொடியை, 67 வயதில், மாதக்கணக்கில் தினமும் குடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வாசனை வருவதால் சரியான மரம்தான் என்றும் முடிவு கட்ட முடியாது. பட்டையைக் கையில் கொடுத்தால் நிறம், முறிவு, உள்பக்கம் பார்த்து ஏதாவது சொல்லலாம். பொடியாக்கிவிட்டால் எல்லாப் பட்டையும் ஒரே செம்பழுப்புத்தான். ஒருமுறை மருதம்பட்டைப் பொடி என்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பொட்டலத்தை நுண்ணோக்கியில் வைத்தால், பாதிக்குமேல் மரத்தூள்! கொண்டுவந்தவர் அதை ஆறு மாதமாக நெஞ்சுவலிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் மருதம் நம் ஆற்றங்கரையில் நிற்கிற மரம். நைரோபிச் சந்தையில் வாங்கிய பொடிக்கு யார் உத்தரவாதம்?

இப்போது மாத்திரை. டாம்சுலோசின் வீக்கத்தைக் கரைக்கிற மருந்து இல்லை. சிறுநீர்ப்பையின் வாயிலும் புராஸ்டேட்டிலும் இருக்கும் தசையைத் தளர்த்தி வழிவிடுகிறது. நிறுத்தினால் தசை மறுபடி இறுகும். சிலருக்குச் சிறுநீர் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கல்லாகி, நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடி, குழாய் போட்டு எடுக்கிற நிலை வரும். அந்த அவஸ்தை அப்பாவுக்கு வேண்டாம். இன்னொரு சிறிய விஷயம், ஆனால் முக்கியமானது: சளி பிடித்தால் கடையில் தானாக மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பல சளி மாத்திரைகளில் இருக்கும் மருந்துகள் இதே அடைப்பைக் கொண்டுவரும். அப்புறம், சாயங்காலம் ஏழு மணிக்குமேல் டீயையும் தண்ணீரையும் குறைத்தாலே இரவில் ஒரு தடவை மிச்சம். அதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் பி.எஸ்.ஏ. என்ற, புராஸ்டேட் கோளாறைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எடுத்தார்களா? ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைப் பரிசோதித்தார்களா? புராஸ்டேட் புற்றுநோயும் இதே மாதிரி இரவில் எழுப்பலாம். பொடி குடித்து இரண்டு தடவை குறைந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது உள்ளே வேறு ஏதாவது வளர்ந்தால், மூலிகைமேல் பழி போட்டும் பயனில்லை. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, எரிச்சலோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் பொடி சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார், திட்டட்டும். நின்றவுடன் தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் டாம்சுலோசினும் சேர்ந்தால் சிலருக்கு அப்படி ஆகும்.

'இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு லோலியோண்டோ ஞாபகம் வரும். தான்சானியாவில், கென்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பகுதி அது. 2011-ல் அங்கே ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர், முகரிகா என்ற செடியின் வேரைக் கொதிக்க வைத்து ஒரு கப் 500 ஷில்லிங்குக்குக் கொடுத்தார். சர்க்கரை, புற்றுநோய், எச்.ஐ.வி. எல்லாம் ஒரே கப்பில் தீரும் என்று செய்தி பரவியது. பாபு, அதாவது தாத்தா, என்று கூப்பிட்டுக்கொண்டு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம். அந்தக் காட்டுப் பாதையில் பல கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றன. வரிசையிலேயே இறந்துபோன நோயாளிகள் உண்டு. ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு வந்தவர்களும் உண்டு. அந்த முகரிகா என்ன என்று பார்த்தால், நம் ஊர்க் களாச்செடியின் இனம்! ஊறுகாய் போடுகிறோமே, அந்தக் களா. நம் வேலியில் நின்றால் ஊறுகாய், தூரத்தில் நின்றால் சஞ்சீவி. அங்கேயும் இப்படித்தான். நம் வேம்புக்குச் சுவாஹிலியில் 'முவாரோபைனி' என்று பெயர். அரோபைனி என்றால் நாற்பது. நாற்பது நோய் தீர்க்குமாம். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

தொழில் விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'யாரும் கண்டுகொள்ளாத மரம்' என்கிறார் அண்ணன். கிக்குயுக்காரர் கண்டுகொண்டிருக்கிறார், அதனால்தானே அண்ணனுக்கே தெரிந்தது? அங்குள்ளவர்களுக்கு அது எப்போதும் வேலை செய்துகொண்டிருந்த மரம்தான். வெளியே இருக்கிற சந்தை கண்டுகொண்ட பிறகு என்ன ஆனது என்பதுதான் கதை. கேமரூனில் 1972-லிருந்து பிரெஞ்சு நிறுவனம் ஒன்று பட்டையை வாங்க ஆரம்பித்தது. மரம் சாகாமல் உரிக்க ஒரு முறை உண்டு. தண்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் கால் கால் பங்கு மட்டும் உரித்து, சில வருடம் விட்டு, பட்டை மறுபடி வளர்ந்ததும் மீதிப் பக்கங்களை உரிப்பது. கூலிக்கு உரிப்பவருக்கு அந்தச் 'சில வருடம்' என்ன சம்பந்தம்? கிலோவுக்குத்தானே காசு. சுற்றிவர உரித்தார்கள், மரம் நின்றபடியே காய்ந்தது. மடகாஸ்கரில் மரத்தையே வெட்டிச் சாய்த்து உரித்தார்கள். கடைசியில் 1994-ல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த மரம் சேர்க்கப்பட்டது. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் கேமரூன் பட்டையை வாங்குவதையே சில காலம் நிறுத்தி வைத்தது.

இதன் பொருள் உங்கள் வீட்டுக்கு நேராகவே வருகிறது. சைட்டிஸ் பட்டியலில் இருக்கும் மரத்தின் பட்டையை எல்லை தாண்டி அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். அரைக் கிலோ பெட்டியில் மறைந்து வந்துவிட்டது, சரி. ஐம்பது கிலோ மூட்டை சுங்கத்தில் நிற்கும், கூடவே நீங்களும் நிற்பீர்கள். இந்தியாவிலும் சும்மா பொட்டலம் போட்டு 'புராஸ்டேட்டுக்கு' என்று எழுதி விற்க முடியாது. சித்த, ஆயுர்வேத உரிமம் வேண்டுமானால் சரக்கு அந்தந்த முறையின் நூல்களில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்க மலைமரம் போகர் பாட்டில் வராது. மூலிகைச் சத்தை நவீன மருந்தாகப் பதிவு செய்ய 2015-ல் ஒரு தனி வகை கொண்டுவந்தார்கள். அதற்குப் பாதுகாப்புச் சோதனை, நோயாளிகளிடம் சோதனை எல்லாம் உண்டு. அது கம்பெனிகள் செய்கிற காரியம், அண்ணன் தங்கை கைக்காசில் செய்கிற காரியம் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அறிவு யாருடையது? கலாஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க ஹூடியா என்ற கள்ளிபோன்ற செடியை மெல்லுவார்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கியது, சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. பிறகு சத்தம் எழுந்து, 2003-ல்தான் அவர்களுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. உடல் எடை குறைக்கும் பானம் செய்யலாம் என்று யூனிலீவர் உள்ளே வந்தது. பாதுகாப்பும் பலனும் போதாது என்று 2008-ல் வெளியேறியது. பங்கு எழுதிய காகிதம் இருந்தது, பங்கு போட லாபம்தான் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஒரு காட்டு ஜெரேனியம் வேரிலிருந்து இருமலுக்கு ஜெர்மனியில் மருந்து வருகிறது. அதைப் பிழியும் முறைக்கு வாங்கிய காப்புரிமையை அந்த மண்ணின் மக்கள் எதிர்த்து வாதாட, 2010-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ரத்து செய்தது. இதையெல்லாம் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. மலிவாகக் கிடைக்கிறது என்று அண்ணன் நினைக்கும் சரக்குக்குப் பின்னால் எவ்வளவு வழக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அப்படியானால் ஆப்பிரிக்க மரஞ்செடிகளில் ஒன்றுமே இல்லையா? ஏன் இல்லை! உங்கள் வீட்டு வாசலில் நித்தியகல்யாணி பூத்திருக்கும், பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்று சொல்லித் தலையில் வைக்க மாட்டோம். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். பல நாடுகளில் அதைச் சர்க்கரைக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அடடா, வெள்ளை அணுவைக் குறைக்கிறதென்றால் ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று பிடித்துக்கொண்டு போனதில் வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிரிஸ்டின் இல்லாமல் முடியாது. நம் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கவனியுங்கள், ஊர் சொன்ன நோய் வேறு, அது தீர்த்த நோய் வேறு. இன்றும் நம்மூரில் சர்க்கரைக்கு அந்தப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. எலிக்கு நடந்ததை அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

அண்ணனுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். பட்டை, வேர் என்றால் ஒதுங்கிக்கொள்ளட்டும். பழம், விதை என்றால் பேசலாம். பழத்தை எடுத்தால் மரம் சாகாது. அடுத்த வருடமும் சரக்கு வரும். மருந்து என்று சொல்லாமல் உணவாக விற்கலாம். பெருக்கமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைப்புளி, பொந்தன்புளி என்றும் சொல்வோம். ராமநாதபுரம் பக்கமும் மன்னாரிலும் வயிறு பெருத்து நிற்கிறதே, அது ஆப்பிரிக்க மரம்தான். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அதன் பழத்துக்குள் இருக்கும் புளிப்பு மாவில் வைட்டமின் சி-யும் நார்ச்சத்தும் நிறைய. 2008-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவுப்பொருளாக அனுமதித்தது. இன்று சத்துமாவுக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. இதற்கும் இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது உங்கள் இரண்டு பேர் கைக்கு அடங்குகிற வேலை. மூட்டை வாங்குவதற்கு முன் ஒரு கிலோ மாதிரி வாங்கி, ஈரப்பதமும் பூஞ்சையும் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தப் பொடிக்கு ஈரம்தான் எமன்.

அப்பா மிச்சம் வைத்த பட்டைப்பொடியைத் தூர எறிய வேண்டாம். காற்றுப் புகாமல் கட்டி, சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை யாராவது நைரோபியிலிருந்து வந்தால், அண்ணனிடம் 'மபூயு' கேளுங்கள். பெருக்கமர விதையில் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் ஏற்றி மொம்பாசாப் பக்கம் விற்கிற மிட்டாய். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் நாலைந்து சப்பலாம். விதையை மட்டும் துப்பிவிடச் சொல்லுங்கள்.